உப்பு பட்டால் ஐஸ் ஏன் உருகுகிறது? குழந்தைகளுக்குச் செய்து காட்டும் முறை

ஐஸ் மேல் உப்புப் போட்டால் சீக்கிரம் உருகும் என்றதும், "அப்போ உப்பு சூடா?" என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்டுவிடும். உடனே பதில் சொல்லாதீர்கள். வெப்பமானியைக் கையில் கொடுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் நொறுக்கிய ஐஸ் தலா 150 கிராம் போடவும். ஒன்றில் மட்டும் 50 கிராம் தூள் உப்பு, அதாவது தலைதட்டி மூன்று மேசைக்கரண்டி, சேர்த்துக் கிளறவும். கல் உப்பு மெதுவாகத்தான் கரையும். குழந்தைகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் ஆய்வக வெப்பமானி வேண்டும்.

சற்று நேரத்தில் உப்பில்லாத டம்ளர் 0 டிகிரியில் நின்றுவிடும். உப்புப் போட்டதில் ஐஸ் வேகமாக உருகும். ஆனால் வெப்பநிலை மைனஸ் 10-க்கும் கீழே போகும். வெளிப்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் நீர் முத்து முத்தாக வழியும். மற்றதில் அதே ஈரம் வெள்ளைப் படலமாக உறைந்திருக்கும். கரண்டிக் காம்பால் சுரண்டினால் பொடியாக உதிரும். விரலால் அழுத்திப் பிடிக்க விடாதீர்கள். உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை தோலில் தீக்காயம் போன்ற புண்ணை உண்டாக்கும்.

இப்போது விளக்கலாம். ஐஸும் தண்ணீரும் தொடும் இடத்தில் நீர்த்துகள்கள் ஐஸிலிருந்து பிரிவதும் திரும்பப் போய் ஒட்டுவதுமாகவே இருக்கும். 0 டிகிரியில் இரண்டும் சரிக்குச் சரி. தண்ணீரில் உப்பு கரைந்துவிட்டால், ஐஸ் மேல் வந்து மோதுபவற்றில் உப்புத் துகள்களும் கலந்திருக்கும்; அவை ஐஸோடு சேராது. ஒட்டுவது குறைகிறது, பிரிவது குறையவில்லை. ஆகவே உருகுகிறது.

ஒரு கிராம் ஐஸ் உருக ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் தேவை. அடுப்பு இல்லையே! அந்த வெப்பத்தின் பெரும்பகுதி ஐஸிலிருந்தும் உப்புநீரிலிருந்துமே போகிறது. அதனால்தான் இந்தக் குளிர். மைனஸ் 21-ஐ ஒட்டி இதற்கும் எல்லை உண்டு.

சின்னக் குழந்தைகளுக்கு நூல் போதும். நனைத்த பருத்தி நூலை ஐஸ் கட்டி மேல் கிடத்தி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, இரண்டு நிமிடம் கழித்துத் தூக்கினால் கட்டியும் கூடவே வரும். உப்பு உருக்கிய நீர் மற்ற பகுதியின் குளிரில் மறுபடி உறைந்து நூலைப் பிடித்துக்கொள்கிறது. வரவில்லையா? பெரும்பாலும் உப்பு கூடிப்போயிருக்கும், உருகியது திரும்ப உறையவில்லை. நைலான் நூலும் காலை வாரும், தண்ணீரை உறிஞ்சாது.