இருண்ட மாதங்களில் மனம் சோரும்போது செய்யக் கூடாதவை

குளிர்காலம் தொடங்கியதும் சிலருக்குக் காலையில் போர்வையை விலக்கவே மனம் வராது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். போன் அடித்தால் எடுக்கத் தோன்றாது. மார்ச், ஏப்ரல் வாக்கில் பகல் நீண்டதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதனாலேயே அடுத்த நவம்பர் வரை யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. (பூமியின் தென்பாதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஜூன், ஜூலை என்று மாறும்.)

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றிய நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இல் ஆண்டுதோறும் குளிரில் வந்து விலகும் இந்தப் ‘பருவகால மனச்சோர்வை’ விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிரகாசமான செயற்கை ஒளி இந்தச் சோர்வைத் தணிக்கிறது என்பதற்கான தொடக்கநிலைச் சான்றுகளும் அதிலேயே இருந்தன. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் முதல் தவறு மட்டும் மாறவில்லை: ‘எனக்குச் சோம்பேறித்தனம் அதிகமாகிவிட்டது’ என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வது. வழக்கமான மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் குறையும். குளிர்காலச் சோர்வில் பெரும்பாலும் தலைகீழ். தூக்கம் கூடும், இனிப்பும் மாவுச்சத்தும் கேட்கும், எடை ஏறும், கைகால் கனக்கும். இது தெரியாததால்தான் ‘நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான், இவனுக்கு என்ன குறை’ என்று வீட்டில் இருப்பவர்களும் சொல்லிவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குளிரில் வரும் எல்லாச் சோர்வையும் பருவத்தின் தலையில் கட்டிவிடுவது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் ஏறக்குறைய இதே அசதிதான் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அதே மாதங்களில் வந்து, அதே மாதங்களில் விலகுகிறதா என்பதைத்தான் மருத்துவர்களும் முதலில் கேட்பார்கள்.

சரி, ஏன் வருகிறது? முழு விடை இன்னும் இல்லை. ஆனால் ஒரு பகுதி நன்றாகப் புரிந்திருக்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் இருக்கின்றன. உருவங்களைக் காட்டுவதைவிட, ‘விடிந்துவிட்டது’ என்று மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் முக்கிய வேலை. விடியல் தாமதமானால் இந்தச் செய்தியும் தாமதமாகிறது. பலருக்கு உடல் கடிகாரம் பின்தங்குகிறது. அலாரம் அடிக்கும்போது உடம்புக்கு இன்னும் நடுராத்திரிதான். அதனால், வெளிச்சம் எவ்வளவு கிடைத்தது என்பது பாதிக் கேள்வி. எப்போது கிடைத்தது என்பது மீதிப் பாதி. கீழே வரும் தவறுகளில் சில இந்த ‘எப்போது’ என்பதைக் கோட்டைவிடுவதால்தான் நேர்கின்றன.

வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. நம் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால் அறை பளிச்சென்று இருப்பதாகத் தோன்றும். அளந்து பார்த்தால் கதை வேறு. மாலையில் வீட்டு வெளிச்சம் பெரும்பாலும் 200 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), நல்ல அலுவலகத்தில் 300 முதல் 500 வரை. மேகம் மூடிய குளிர்காலப் பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். ‘வெயிலே இல்லை, வெளியே போய் என்ன பயன்’ என்று சொல்பவர்களுக்கு இந்த எண்கள்தான் பதில். எழுந்த பிறகு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், வெளிச்சம் வந்ததும் அரை மணி நேரம் வெளியே நடப்பது செலவில்லாத வைத்தியம். அது முடியாத நாளில் நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளினாலே வெளிச்சம் மளமளவென்று விழுந்துவிடும்.

விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறவர்களுக்கு நடை சரிப்பட்டு வராது. அவர்கள்தான் ஒளி சிகிச்சைப் பெட்டி, அதாவது முகத்துக்கு நேரே பிரகாசமான ஒளி தரும் விளக்கு, வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் பலர் ஒரு வாரத்தில் ‘இது வேலை செய்யவில்லை’ என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேசையின் அந்த ஓரத்தில், கையெட்டாத தூரத்தில் என்பார். அட்டைப்பெட்டியில் 10,000 லக்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்பது பொடி எழுத்தில் இருக்கும். பெரிய பெட்டிகளுக்கு அது 40 முதல் 60 செ.மீ. வரை இருக்கலாம். கையடக்கமானவற்றுக்கு 15 செ.மீ. என்றுகூட இருக்கும். முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யார் உட்காருவார்கள்? தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகக் குறைவதோடு நிற்காது, ஏறக்குறைய கால்பங்காகிவிடும். என்னைக் கேட்டால், அழகான சின்ன விளக்கைவிட அசிங்கமான பெரிய பெட்டிதான் மேல்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 10,000 லக்ஸில் 20 முதல் 30 நிமிடம் என்பது வழக்கமான அளவு. விளக்கை வெறித்துப் பார்க்க வேண்டாம். அது கண்ணுக்குச் சற்று மேலேயோ பக்கவாட்டிலோ இருக்க, கண் திறந்திருந்தால் போதும். படிக்கலாம், சாப்பிடலாம். வேலை முடிந்து வந்து இரவு ஏழு மணிக்கு அதன் முன் உட்காருவதுதான் மோசமான பிழை. அது உடல் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளி, தூக்கத்தையும் கெடுக்கும். பலன் தெரியப் பொதுவாக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். தெரிந்ததும் நிறுத்தினால் சோர்வு திரும்பி வந்துவிடும். பகல் நீளும் வரை தொடர வேண்டும். புற ஊதாக் கதிரை வடிகட்டாத விளக்குகளும், தோலைக் கருக்கவைக்கும் படுக்கைகளும் இதற்கு மாற்று ஆகாது.

விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். இருமுனைக் கோளாறு (மனம் ஒரு காலம் மிகவும் தாழ்ந்தும் ஒரு காலம் மிகவும் கிளர்ந்தும் மாறும் நோய்) உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்களுக்கு இந்த ஒளி அளவுக்கு மீறிய கிளர்ச்சி நிலையைத் தூண்டிவிடலாம். ‘வெறும் விளக்குதானே’ என்ற அலட்சியம் இங்கே ஆகாது.

வார நாளில் ஆறரைக்கு எழுந்து, விடுமுறையில் பதினொன்று வரை தூங்குவதும் இதே கணக்கில் சேரும். ஐந்து நாள் முன்னுக்கு இழுத்த கடிகாரம் இரண்டு நாளில் பழைய இடத்துக்குப் போய்விடும். அப்புறம் மது. குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும். ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும், மறுநாள் மனம் இன்னும் தாழும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் மாத்திரை எடுப்பது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

‘மனசு சரியானதும் போகிறேன்’ என்று நண்பர்களையும் நடையையும் தள்ளிப்போடுவது கொஞ்சம் நுட்பமான தவறு. மனச்சோர்வில் வரிசை மாறிவிடுகிறது. முதலில் செயல், விருப்பம் பின்னால்தான் வரும். அதனால் சின்னதாகத் திட்டமிடுங்கள். வியாழக்கிழமை ஆறு மணி, இன்னாருடன், இருபது நிமிடம். தனியாக எடுத்த முடிவைவிட இன்னொருவரிடம் சொல்லிவைத்ததைக் கைவிடுவது கடினம். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கெல்லி ரோகன் நடத்திய ஆய்வில், முதல் குளிர்காலத்தில் இந்தச் சிகிச்சையும் ஒளிப் பெட்டியும் ஏறக்குறைய சமமாகவே பலன் தந்தன. ஆனால் இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளிக் குழுவில் சுமார் 46 சதவீதம் பேருக்குச் சோர்வு திரும்பியிருந்தது; பேச்சு சிகிச்சைக் குழுவில் சுமார் 27 சதவீதம் பேருக்கு மட்டுமே.

வேலைக்குப் போக முடியவில்லை, இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை என்றால் விளக்கோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அவசர உதவியை நாடுங்கள். மாத்திரைகளும் உண்டு. குளிர்காலச் சோர்வு வருமுன் தடுக்க நீண்ட நேரம் செயல்படும் புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் அனுமதி தந்தது. வசந்தம் வந்துவிட்டது என்று அதைத் தானாக நிறுத்துவது கூடாது. எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் வருகிறது என்று தெரிந்தும் பாதிக் குளிர்காலம் போன பிறகு விழித்துக்கொள்கிறோம். போன ஆண்டு எந்த வாரத்தில் தொடங்கியது என்று நினைவிருந்தால், அதற்கு இரண்டு வாரம் முன்பே விளக்கைத் தூசு தட்டி எடுங்கள், மருத்துவரிடம் நேரம் வாங்கி வையுங்கள். சோர்வு இறங்கிய பிறகு அந்த ஒரு போன் செய்வதற்கே நாள்கணக்கில் ஆகும்.