ஆல்ஜினேட் மணிகளில் நொதி: உயிரி எரிபொருள் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டை நொதியோடு கலந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினால், நொதியை உள்ளே அடைத்த ஜெல் மணிகள் கிடைக்கும். காலையில் கெட்டியாக உருண்டிருந்த அந்த மணிகள் மாலையில் வீங்கி, விரலில் எடுத்தால் கூழாக நழுவுகின்றன. மறுநாள் கலங்கிய நீர்தான் மிச்சம். உடனே ஆல்ஜினேட் தரமில்லை என்று பழி போடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது பஃபரை, அதாவது பிஎச்சை (அமிலத்தன்மை அளவை) நிலையாக வைக்கும் கரைசலை.

தாவர நாரைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் வகை நொதி என்றாலே 50 மில்லிமோலார் சிட்ரேட், பிஎச் 4.8 என்று கை பழகியிருக்கும். கரைசலில் உள்ள நொதிக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஆல்ஜினேட் இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பவை கால்சியம் அயனிகள். சிட்ரேட் அவற்றைக் கவ்விக்கொள்ளும். பாஸ்பேட் கால்சியத்தை வெள்ளைப் படிவாக இறக்கிவிடும். கால்சியத்தை இறுகக் கவ்வும் ஈடிடிஏ பக்கமே போகக் கூடாது. மணியை வேண்டுமென்றே கரைக்கப் பயன்படுவது அது. அமிலப் பக்கத்துக்கு அசிடேட், பிஎச் 7.5-க்கு மேல் டிரிஸ் எடுங்கள். கூடவே 5 முதல் 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேருங்கள். பஃபரில் உள்ள சோடியமும் கால்சியத்தை மெல்ல வெளியே தள்ளும் என்பதால் அந்தச் சிறு அளவு அவசியம்.

அடுத்த தவறு நொதித் தேர்விலேயே நடக்கிறது. செல்லுலேஸ் முழுவதையும் மணிக்குள் அடைத்து, பயிர்க்கழிவுத் தூளில் போட்டுச் சர்க்கரைக்காகக் காத்திருப்பது வீண். திண்ம நார் ஜெல்லின் நுண்துளைக்குள் நுழையாது, நொதியும் வெளியே வராது. வந்தால் அது கசிவு. மணிக்கு ஏற்றது பீட்டா குளுக்கோசிடேஸ். அது வெட்டும் செல்லோபயோஸ் (இரு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை) கரைந்திருக்கும் சிறு மூலக்கூறு, தடையின்றி உள்ளே போகும். நாரை உடைக்கும் வேலையை வெளியே உள்ள செல்லுலேஸ் செய்யட்டும்.

மணி தயாரிப்பில் கணக்குப் பிழைகள்தான் அதிகம். 2 சதவீத ஆல்ஜினேட்டில் அதே கனஅளவு நொதிக் கரைசலைக் கலந்தால் கையில் இருப்பது 1 சதவீதம்; மணி தொளதொளவென்றுதான் வரும். 3 சதவீதக் கரைசல் 20 மி.லி., நொதி 10 மி.லி. என்று கலந்தால் இறுதியில் 2 சதவீதம் நிற்கும். 0.2 மோலார் கால்சியம் குளோரைடு ஒரு லிட்டருக்கு, நீரற்ற உப்பானால் 22.2 கிராம், இருநீர் உப்பானால் 29.4 கிராம். புட்டியின் லேபிளைப் படிக்காமல் எடை போடாதீர்கள்.

ஆல்ஜினேட் தூளை மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி தட்டும். சுழலும் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இரவு முழுக்க வைத்துக் குமிழிகளை வெளியேற விடுங்கள். குமிழி சிக்கிய மணி மிதக்கும். ஆட்டோக்ளேவில் (உயரழுத்த நீராவிக் கலனில்) வைத்தால் ஆல்ஜினேட் சங்கிலிகள் அறுந்து பாகு நீர்த்துப்போகும். 22 கேஜ் ஊசியால் கால்சியம் குளோரைடில் சொட்டினால் மணி சுமார் 2 முதல் 3 மி.மீ. வரும். வால் முளைத்தால் பாகு கெட்டி, அல்லது ஊசி நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. தட்டையானால் உயரத்தைக் குறையுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கசிவைக் கணக்கில் எடுக்காதது. ஆல்ஜினேட் ஜெல்லின் துளைகள் பல நொதிகளைவிடப் பெரியவை; 33 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ள லிப்பேஸ் (எண்ணெய், கொழுப்பில் வேலை செய்யும் நொதி) எளிதாக நழுவும். கெட்டிப்படும் நேரத்திலேயே இது தொடங்கிவிடுவதால், மணிகளை கால்சியம் குளோரைடில் இரவு முழுக்க ஊற விடாதீர்கள். பெரும்பாலும் 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் போதும். அந்தக் கரைசலிலும் கழுவிய நீரிலும் புரதத்தை அளந்து, போட்ட அளவிலிருந்து கழியுங்கள். புரதம் உள்ளே இருப்பது ஒன்று, அது வேலை செய்வது வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். எளிய சோதனை ஒன்றும் உண்டு: வினை பாதியில் இருக்கும்போது மணிகளை முழுவதும் வடித்தெடுங்கள். மீதித் திரவத்தில் விளைபொருள் தொடர்ந்து ஏறினால் வேலை செய்வது மணி அல்ல, கசிந்த நொதி.

கசிவை அடைக்க, மூலக்கூறுகளைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடு நல்ல வழி. ஆனால் அது ஆல்ஜினேட்டோடு நொதியைப் பிணைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு அமீன் (நைட்ரஜன் கொண்ட) தொகுதி வேண்டும். ஆல்ஜினேட்டில் அது இல்லை. நொதியை நொதியோடு, அல்லது மேற்பூச்சாக இட்ட, அமீன் உள்ள கைட்டோசானோடுதான் பிணைக்கும். டிரிஸிலும் அமீன் இருப்பதால் இந்தப் படிக்கு முன் அதைக் கழுவி நீக்குங்கள். செறிவை 0.1 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். அதிகமானால் நொதியின் வினைமையம் முடங்கும். புகைக்கூண்டும் கையுறையும் கட்டாயம்.

எண்ணெயையும் மெத்தனாலையும் லிப்பேஸ் கொண்டு எஸ்டராக்கும் பயோடீசலுக்கு வந்தால், அந்த நொதியைக் கொல்வது பெரும்பாலும் மெத்தனால். 100 கிராம் தாவர எண்ணெய்க்குக் கணக்குப்படி சுமார் 11 கிராம், அதாவது ஏறத்தாழ 14 மி.லி. மெத்தனால் தேவை. அதை ஒரே தடவையில் ஊற்றினால் எண்ணெயில் கரையாமல் தனித்து நிற்கும் துளிகள் நொதியைச் செயலிழக்கச் செய்யும். மூன்றாகப் பிரித்து, முந்தைய பங்கு தீர்ந்த பிறகு அடுத்ததைச் சேருங்கள். மணியின் பெரும்பகுதி நீர் என்பதையும் மறக்க வேண்டாம். சொட்டச் சொட்ட எண்ணெயில் போட்டால் எஸ்டருக்குப் பதிலாகக் கொழுப்பமிலம்தான் கூடும். வடிதாளில் ஒற்றி எடுத்துப் போடுங்கள். அடுப்பில் உலர்த்தினால் ஜெல் சுருங்கித் துளைகள் மூடிக்கொள்ளும். விளையும் கிளிசரால் நீர்விரும்பி மணியில் படலமாக ஒட்டி எண்ணெயை உள்ளே விடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு டெர்ட்-பியூட்டனாலில் அலசினால் அது கரைந்துவிடும்.

காந்தக் கலக்கியைத் தவிருங்கள். காந்தத் துண்டு அடியில் மணிகளை அம்மிக் குழவி போல அரைக்கும். குலுக்கியில் நிமிடத்துக்கு 150 சுழற்சி, அல்லது மணிகளை நிரப்பிய கண்ணாடிக் குழாய் நல்லது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மணிகளை எடை போடுங்கள். ஐந்தாம் சுற்றில் செயல்திறன் பாதியாகி, எடையும் பாதியாகியிருந்தால், இழந்தது பெரும்பாலும் மணிகளையே.