கியர் பாக்ஸ் ஆயில் வீட்டுலயே மாத்தலாம், ஆனா மேல் போல்ட்ட முதல்ல கழட்டுங்க மக்கா

இன்ஜின் ஆயில் விஷயத்துல நம்ம ஆளுவ ரொம்ப கரெக்ட்டு, தேதி தள்ளிப்போனா தூக்கமே வராது, ஆனா அதே வண்டில கியர் பாக்ஸுக்குன்னு தனியா ஒரு ஆயில் உண்டுங்கதே பல பேருக்கு நெனப்புல இருக்காது. செகண்ட் கியர் கரகரன்னு கடிக்க ஆரம்பிச்ச பெறவுதான் ஓடுவோம். மேனுவல் கியர் காருக்கு இத வீட்டு முற்றத்துல வச்சே மாத்திரலாம். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் மாதிரி ஆட்டோமேட்டிக் வண்டிக்காரங்க இத செய்யாதீங்க, அதுக்கு ஆயிலும் வேற, லெவல் பாக்குற முறையும் வேற.

ஆயில் வாங்க ஓடுறதுக்கு முந்தி கோளாறு எங்கன்னு பாத்துக்கிடுங்க. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது எல்லா கியரும் ஈஸியா விழுது, ஸ்டார்ட் பண்ணா மட்டும் இறுக்கமா இருக்குன்னா அது பெரும்பாலும் கிளட்ச் முழுசா விடாத பிரச்சனை, கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டோ கிளட்ச் ஃப்ளூயிடோ பாக்கணும், கியர் பாக்ஸ் மேல பழி போடாதீங்க. ஒரே ஒரு கியருக்கு மட்டும் கடிக்குன்னா கியர் பல்லு கடிக்காம சேர வேகத்த ஒத்துப்போக வைக்குற சிங்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்கலாம். நியூட்ரல்ல நிக்கும்போது ஙொய்னு ஒரு சத்தம், கிளட்ச மிதிச்சா நிக்குன்னா இன்புட் ஷாஃப்ட் பேரிங் (கிளட்ச்லருந்து கியர் பாக்ஸுக்குள்ள போற தண்டு சுத்துற பேரிங்), மிதிச்சாதான் சத்தமே வருதுன்னா ரிலீஸ் பேரிங் (பெடல மிதிக்கும்போது கிளட்ச தள்ளி விடுற பேரிங்). ஓடும்போது கியர் தானா நியூட்ரலுக்கு வந்து விழுந்தா வீட்டுல கை வைக்காண்டாம், நேரா ஒர்க்‌ஷாப் போங்க. தேஞ்ச பேரிங்கயும் ரிங்கயும் புது ஆயில் ஊத்தி சரி பண்ண முடியாது, அத தெளிவா வச்சிக்கிடுங்க.

செரி, ஆயில். கடைக்காரர் "கியர் ஆயில் தானே அண்ணே, எல்லாம் ஒண்ணுதான்"னு எடுத்து நீட்டுவாரு. ஒண்ணு இல்ல. வண்டியோட வந்த மேனுவல் புத்தகத்துல 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 மாதிரி ஆயிலோட கெட்டித்தன்மைய சொல்ற ஒரு கிரேடு இருக்கும், கூடவே எந்த வேலைக்கான ஆயில்னு காட்ட ஜிஎல்-4ன்னோ வேற எதுவோ போட்டிருக்கும், அது ரெண்டும் அப்படியே ஒத்துப்போகணும். ஜிஎல்-5 நம்பர் கூடுனதால ஒசத்தின்னு நெனச்சி வாங்கிராதீங்க, அது டிஃபரென்ஷியல்ல (ரெண்டு வீலுக்கும் சக்திய பிரிச்சி குடுக்குற பாகத்துல) வர்ற கடுமையான அழுத்தத்துக்குன்னு செஞ்சது, அதுல கூடுதலா சேத்திருக்க கந்தக மருந்து பித்தளை சிங்க்ரோ ரிங்க அரிக்க வாய்ப்பு உண்டு. சின்ன காருக்கு பெரும்பாலும் 2 லிட்டர் பக்கம் பிடிக்கும், சரியான அளவ மேனுவல்ல பாத்து கொஞ்சம் கூடவே வாங்குங்க. ஆயில் வடிக்கிறது, ஊத்துறதுன்னு இருக்க ரெண்டு போல்ட்டுக்கும் புது வாஷர், ஒரு பழைய பேசின், ஓஸ் மாட்டுன ஃபன்னல், சரியான சைஸ் ஸ்பானர், ஜாக் ஸ்டாண்டு, இவ்வளவுதான் சாமான்.

வண்டிய ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, ஆயில் இளகி ஓடும். கை பொறுக்குற சூடு வர்ற வரைக்கும் விடுங்க. பெறவு சமதளத்துல நிறுத்தி, வீலுக்கு கல்லு கொடுத்து, ஜாக்குல தூக்கி ஸ்டாண்டுல உக்கார வைங்க. வெறும் ஜாக்க நம்பி அடில படுக்கவே கூடாது, செங்கல்லும் தேங்கா மட்டையும் அடுக்குறதெல்லாம் வேண்டாம். ஒர்க்‌ஷாப் பிட் யாராவது தந்தா அதுதான் இன்னும் நல்லது, வண்டி மட்டமாவே நிக்கும்.

அடில போனா ஆயில் வடிக்கிற ரெண்டு டிரெயின் போல்ட் தெரியும், ஒண்ணு இன்ஜினுக்கு, இன்னொண்ணு கியர் பாக்ஸுக்கு. மாத்தி கழட்டி இன்ஜின் ஆயில முற்றத்துல கொட்டுறது அடிக்கடி நடக்குறதுதான். முன் வீல் இழுக்குற காருல வீலுக்குப் போற ரெண்டு ஆக்ஸில் தண்டும் எதுலருந்து வெளிய வருதோ அதுதான் கியர் பாக்ஸ்.

இப்ப முக்கியமான இடம். கீழ இருக்க டிரெயின் போல்ட்ட தொடாதீங்க. பக்கவாட்டுல மேல இருக்க, ஆயில் ஊத்துற ஃபில்லர் போல்ட்ட முதல்ல இளக்கிப் பாருங்க. ஏன்னு கேட்டா, ஆயில எல்லாம் கீழ விட்ட பெறவு மேல் போல்ட் அசையலேன்னா புதுசு ஊத்த வழியில்ல, வண்டி அங்கேயே கெடக்கும். நம்ம குமரி மாவட்டத்துல குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சின்னு கடக்கரை ஓரம் ஓடுற வண்டில உப்புக் காத்துக்கு போல்ட் துருப்பிடிச்சி கெடக்கும், முந்தின நாளே துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சி வைங்க. அது அசையுதுன்னு தெரிஞ்ச பெறவு கீழ் போல்ட்ட கழட்டி பைய வடிய விடுங்க.

வடிஞ்சத நல்லா பாருங்க, சும்மா கொட்டிராதீங்க. போல்ட்டுல காந்தம் இருந்தா சாம்பல் நெறத்துல மை மாதிரி ஒட்டியிருக்கும், அது சாதாரண தேய்மானம். கைல துண்டு துண்டா உலோகம் தட்டுப்பட்டா உள்ள ஏதோ பல்லு போயிருக்கு. ஆயில் பால் டீ நெறத்துல இருந்தா தண்ணி புகுந்திருக்கு. நம்ம ஊருல தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டு, ஓடிச் சூடான கியர் பாக்ஸோட தேங்குன தண்ணில எறங்குனா சட்டுன்னு குளுந்து, பிரீதர்ங்குற காத்து ஓட்டை வழியா தண்ணிய உள்ள இழுத்துரும். அப்படி தண்ணில போன வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு பாக்காதீங்க, உடனே மாத்துங்க.

வடிஞ்சதும் புது வாஷரோட கீழ் போல்ட்ட போடுங்க. ஸ்பானருக்கு பைப்ப மாட்டி முறுக்காண்டாம், கேஸ் அலுமினியம், மரை போச்சுன்னா வேலை பெருசாயிரும். ஃபன்னல் ஓஸ மேல் ஓட்டைல விட்டு ஊத்துங்க, ஆயில் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் வந்து வழிஞ்சா போதும், ஆனா முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தா இந்த லெவல் தப்பாத்தான் காட்டும், அதனால நாலு பக்கமும் மட்டமா நிக்குதான்னு பாத்துட்டு லெவல் எடுங்க. வழியிறது நின்னதும் மேல் போல்ட்ட மூடிருங்க.

தக்கலை வரைக்கும் ஒரு ரவுண்டு போயி எல்லா கியரும் போட்டுப் பாருங்க. திரும்பி வந்து அட்டைய அடில விரிச்சி ராத்திரி விடுங்க, காலைல போல்ட்டுக்கு நேரா கசிவு இருந்தா வாஷர் சரியில்ல, ஆக்ஸில் பக்கம் இருந்தா அங்க ஆயில் வெளிய வராம தடுக்குற ஆயில் சீல் போயிருக்கு. பழைய ஆயில கேன்ல அடச்சி, பழைய ஆயில் எடுக்குற ஒர்க்‌ஷாப்ல குடுத்துருங்க, வாய்க்கால்லயோ குளத்துலயோ ஊத்திராதீங்க.