ஒரே நாளில் மூன்று தோட்டம்: மின்யோவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஓர் இளம் தம்பதி தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். காலை 10 மணிக்குப் போன்டே டி லிமாவில் ஒரு திராட்சைத் தோட்டம், 12.30க்கு மொன்சாவில் இன்னொன்று, மாலை 5 மணிக்கு அமரான்டேயில் மூன்றாவது. படித்ததும் பகீரென்றது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட திட்டமும் கிட்டத்தட்ட இதுவேதான். அதனால் நேர்ந்தது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மின்யோ என்பது போர்ச்சுகலின் வடமேற்கு மூலை. அங்கே, அதே பெயருள்ள ஆற்றுக்குத் தெற்கே விரிந்து கிடப்பது வின்யோ வெர்டே என்ற ஒயின் வட்டாரம்; அங்கே செய்யும் ஒயினுக்கும் அதுவே பெயர். 1908இல் எல்லை வகுக்கப்பட்ட இடம். இன்று ஒன்பது உட்பகுதிகள். வெள்ளை ஒயின்தான் இங்கே பிரதானம். நான் பிராகாவில் குடியிருக்கிறேன். வருகிற நண்பர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் இங்குள்ள குடும்பத் தோட்டங்களுக்கு அழைத்துப் போவது காலப்போக்கில் என் வழக்கமாகிவிட்டது. சொல்லாமல் போய்க் கதவைத் தட்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்யக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் மூன்று தோட்டம்

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். போன்டே டி லிமாவிலிருந்து மெல்காசோ சுமார் 80 கி.மீ. மொன்சாவிலிருந்து அமரான்டேக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கருங்கல் சுவர்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் நுழையும் சந்துகள். எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் திட்டம் போட்டோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் என் ஆத்திரம் தூரத்தைப் பற்றியதே அல்ல.

போர்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில், விலா நோவா டி கையாவில், போர்ட் ஒயின் கிடங்குகள் இருக்கின்றன. அங்கே குறித்த நேரங்களில் சுற்றிக் காட்டுவார்கள். அந்த வேலைக்கென்றே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஒரு சுற்று தவறினால் அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம். பலர் முதல் இரண்டு நாளை அங்கே கழித்துவிட்டு அதே பழக்கத்தோடு மின்யோவுக்கு வருகிறார்கள். ஐந்தாறு ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு கின்டாவில், அதாவது வீடும் தோட்டமும் ஒன்றாக இருக்கும் பண்ணையில், உங்களுக்குக் கதவைத் திறக்கிறவர்தான் குளிர்காலத்தில் கவாத்து செய்கிறவர், மருந்து அடிக்கிறவர், தொட்டி கழுவுகிறவர், சந்தைக்குப் பெட்டி ஏற்றுகிறவர். அவர் உங்களோடு நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்த நேரம்.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். மே மாதக் கடைசி. நாங்கள் நான்கு பேர். மொன்சாவுக்கு அருகே ஒரு குடும்பத்திடம் பகல் 12 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். காலையில் லிமா பள்ளத்தாக்கில் முதல் தோட்டத்தில் பேச்சு நீண்டது. வழியில் பாலத்தில் நின்று படம் எடுத்தோம். மொன்சா போய்ச் சேர்ந்தபோது மணி 1.20. தொலைபேசியில்கூடச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர் துவைத்த சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கொட்டகை ஓரம் டிராக்டர். அதன் முதுகில் மருந்துத் தொட்டி, நீலம் வழிந்த குழாயோடு. அதைப் பார்த்தேன். என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

நம் ஊர் விவசாயிகளுக்கு அந்த நீலம் தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை. பெயரைக் கேட்டுப் போர்ச்சுகலின் போர்டோ என்று எண்ண வேண்டாம். பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் பிறந்த மருந்து அது. அட்லாண்டிக் காற்று நேராக மோதும் மின்யோவில் மழை மிக அதிகம். ஆகவே திராட்சையை இங்கே வதைப்பது அடிச்சாம்பல் நோய். செம்பு மருந்து மழைக்கு முன்னால் இலையில் படிந்து உலர்ந்திருக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் நோய் பிடித்தால் குலையே கருகிப் போகும்.

அன்று அவர் விடியற்காலை தொடங்கி முக்கால்வாசித் தோட்டத்துக்கு மருந்து அடித்திருந்தார். விருந்தினர் வருகிறார்கள் என்று 11.30க்கு நிறுத்திவிட்டுக் குளித்துச் சட்டை மாற்றியிருக்கிறார். ஒன்றேகால் மணி வரை நாங்கள், பிறகு மிச்ச வரிசைகள், மழை மாலையில்தான் என்பது அவர் போட்ட கணக்கு. நாங்கள் வந்ததே அந்தக் கணக்கு முடிய வேண்டிய நேரத்தில். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது கிண்ணத்தின்போது அடிக்கடி ஜன்னல் பக்கம் திரும்பினார். மலையைப் பார்க்கிறார் என்று நினைத்து, நானும் பார்த்து, அழகாக இருக்கிறது என்றேன். மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் அப்போதும் அங்கேதான் இருந்தோம். பிறகு மூன்றாவது தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பினோம்.

செப்டம்பரில் அறுவடைக்கு உதவப் போனபோது அவருடைய மகள் என்னைக் கீழ்த் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஏழு வரிசைகளில் வெட்டி எடுக்கக் குலையே இருக்கவில்லை. "அந்த ஒரு மழைதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்பா அன்று இந்த வரிசைகளைத்தான் மிச்சம் வைத்திருந்தார்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

எங்களுக்கும் அன்று இழப்புதான். அது பிறகே தெரிந்தது. இத்தகைய வீடுகளில் விலைப்பட்டியலில் இருக்கும் நான்கைந்து ஒயின்களைச் சுவைக்கத் தந்து முடிந்த பின், உங்களுக்கு அவசரம் இல்லை என்று கண்டுகொண்டால், யாராவது எழுந்து உள்ளே போவார்கள். ஒட்டுத்தாள் இல்லாத பழைய புட்டி ஒன்று வரும். அடுத்த ஆண்டு நான் தனியாக, வேறெங்கும் போக வேண்டிய அவசரமில்லாமல் போனபோது, பத்து வருடம் கண்ட ஒரு புட்டியை, அல்வரின்யோ என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயினைத் திறந்தார்கள். தேன்மெழுகும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம். அதற்கு அடியில் புளிப்பு இன்னும் விறைப்பாக நின்றது. வின்யோ வெர்டே என்றால் வாங்கிய கோடைக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு தோட்டம். மிஞ்சினால் இரண்டு, அதுவும் ஒரே உட்பகுதியில், இடையில் மூன்று மணி நேரமாவது விட்டு. நேரம் குறிக்கும்போதே "அன்று தோட்டத்தில் என்ன வேலை?" என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கு இங்கே பெரிய மரியாதை உண்டு. இருபது நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தாலே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் டிராக்டரில் ஏறி இரண்டு வரிசை முடித்துவிட்டு வருவார். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேராகப் போய் நிற்காதீர்கள். எந்த மாதம் என்று என்னைக் கேட்டால் நவம்பருக்குப் பிறகு என்பேன். குளிரும் மழையும் இருக்கும். ஆனால் புது ஒயின் தொட்டியில் இருக்கும், வீட்டாருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

கைபேசிக் கடிகாரத்தை நம்புவது

மொன்சாவிலும் மெல்காசோவிலும் ஆற்றின் அக்கரை ஸ்பெயினின் கலீசியா. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இக்கரையில் நிற்கும்போதே கைபேசி அக்கரைக் கோபுரத்தின் அலையைப் பிடித்து நேரத்தை மாற்றிவிடும். தானாக மாறும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

"குமிழி இல்லையே?" என்று கேட்பது

வெளிநாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வின்யோ வெர்டேயில் நாக்கைக் குத்தும் லேசான நுரை இருக்கும். பழைய நாளில் புட்டிக்குள் தொடர்ந்த நொதிப்பால் அது தானாக வந்தது; இன்று பெரும்பாலும் அடைக்கும்போது கரியமில வாயுவைச் சேர்க்கிறார்கள். சொந்தத் தோட்டத்துப் பழத்தில் ஒயின் செய்யும் குடும்பங்களில் பலர் அதைச் சேர்ப்பதில்லை. பழத்தின் சுவை மூடிப்போகக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். அப்படிப்பட்டவரிடம் போய் நுரை எங்கே என்று கேட்டால் முகம் வாடிவிடும். பச்சை நிறத்தைத் தேடுவதும் இதே வகைதான். "வெர்டே" என்றால் பச்சை. இளமையைக் குறிக்கிறது என்பாரும் உண்டு, மண்ணின் பசுமையைக் குறிக்கிறது என்பாரும் உண்டு. கிண்ணத்தில் இருப்பது வெளிர் எலுமிச்சை நிறம்.

கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் திராட்சை வகை என்பது. லிமா பள்ளத்தாக்கில் லோரெய்ரோ. பூ வாசம் வீசும். மலைகள் கடற்காற்றைத் தடுப்பதால் சற்று வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கும் மொன்சா, மெல்காசோவில் அல்வரின்யோ. தென்கிழக்கே, டோரோ ஆற்றுப் பக்கம் பாயாவில் அவெஸ்ஸோ. மூன்றையும் ஒரே சுவை என்று எண்ணி வந்தவர்கள் மூன்று நாளில் மூன்றாகப் பிரித்தறிவதைப் பார்த்திருக்கிறேன்.

வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவது

வேண்டாம். ஒயினின் மணம் உங்களுக்கும் கிடைக்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் கிடைக்காது.

சுவைத்த ஒயினைத் துப்பக் கூச்சப்படுவது

நம்மவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். பெரியவர் கையால் ஊற்றிக் கொடுத்ததை எப்படித் துப்புவது என்று தயங்கி ஐந்தையும் விழுங்கிவிடுகிறார்கள். மேஜைமேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பது அதற்காகவே, வீட்டுக்காரரே துப்புவார். அல்வரின்யோவில் ஆல்கஹால் 12, 13 சதவீதம் வரை இருக்கும். போர்ச்சுகலில் வண்டி ஓட்டுகிறவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2. ஓட்டுகிறவர் முகர்ந்து மட்டும் பார்க்கட்டும், அல்லது டாக்சி பேசிக்கொள்ளுங்கள். ரயிலை நம்பி மொன்சா போக முடியாது; போர்டோவிலிருந்து வரும் பாதை எல்லை ஊரான வலென்சாவில் ஸ்பெயின் பக்கம் திரும்பிவிடுகிறது.

பந்தலில் பழம் பறிப்பது

கேட்காமல் பறிக்காதீர்கள்.

சிவப்பை ஒதுக்குவது

வெள்ளைக்காக வந்தோம் என்று சொல்லிச் சிவப்பு வின்யோ வெர்டேயை மறுக்கிறவர்கள் ஒரு பெரிய விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். வின்யாவ் என்ற பழம், சதையே சிவப்பு. நாவற்பழச் சாறுபோல நாக்கில் கறை பிடிக்கும், துவர்க்கும், புளிக்கும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, குளிரக் குளிரக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பிடிக்காது என்று பயந்து வீட்டார் தாமாக எடுத்து வைக்க மாட்டார்கள். நீங்கள் கேட்டால் பாட்டியின் முகம் மலரும். அந்தப் பாட்டிகள் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஜன்னலும் சாவியும் அலமாரியும் அங்கிருந்து கடலேறி நம்மிடம் வந்த சொற்கள். ஒயின் வைக்கும் மரக் கொள்கலனை அவர்கள் "பிப்பா" என்பார்கள். நம் பீப்பாய் அதுதான்.

சைவம் என்பதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்வது

ஒயினோடு உணவும் உண்டு என்றால் பன்றித் தொடை வற்றலும் தொத்திறைச்சியும் நிச்சயம் வரும். பெயரைப் பார்த்துக் கீரை சூப் என்று நம்பும் கால்டோ வெர்டேயிலும் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். முதல் நாளே சொல்லிவிட்டால் மக்காச்சோள ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், தோட்டத்துக் காய்கறி என்று தயாராக இருக்கும். இலை போட்ட பிறகு சொன்னால், இரண்டு நாள் சமைத்த அம்மாள் செய்வதறியாமல் நிற்பார். குடிக்காதவர்கள் உடன் வருவதானால் அதையும் முன்பே சொல்லுங்கள். தோட்டத்தில் நடக்க, பந்தலுக்கு அடியில் ஏன் காய்கறி போடுகிறார்கள், முன்காலத்தில் கொடியை ஏன் மரத்தில் ஏற்றினார்கள் என்று கேட்க, ஒயின் குடித்தாக வேண்டியதில்லை. துண்டு நிலத்தில் சோளமும் விளைய வேண்டும், திராட்சையும் விளைய வேண்டும் என்ற நெருக்கடியில் கொடியை வயலின் ஓரத்துக்கும் உயரத்துக்கும் அனுப்பிய கதையை அவர்கள் ஆசையோடு சொல்வார்கள்.

கடைசியில் ஒரே ஒரு புட்டி வாங்குவது

நான்கு பேர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு ஒன்றை வாங்கிக் கிளம்புவது சரியல்ல. தலைக்கு இரண்டு வாங்குங்கள்; அந்த வாசலில் மட்டும் கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள், சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதை அங்கே வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் கொண்டுபோகலாம், அதாவது 750 மி.லி. புட்டி இரண்டு. கைப்பையில் விட மாட்டார்கள். பெட்டியின் நடுவில், ஒவ்வொன்றையும் தனித்தனி உடுப்பில் சுற்றி வையுங்கள். பணமாகவும் கொஞ்சம் எடுத்துப் போங்கள். சில வீடுகளில் அட்டை இயந்திரம் இருக்கும், மலைச்சரிவில் அதற்கு அலை கிடைக்காது.