ஊருணிக்குக் கட்டுப்பாடு வைத்த ஊர்களில் கழிப்பறைப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டின் குடிநீர் ஊருணிகளில் காலைக் கழுவக்கூட இறங்கக் கூடாது என்பது, எந்த அரசாணையும் இல்லாமல் ஊரே காத்துவந்த கட்டுப்பாடு. அதே ஊர்களில் கண்மாய்க் கரையும் அதையொட்டிய சீமைக்கருவேலங்காடும் ‘வெளிக்குப் போகும்’ இடங்களாகவே இருந்து வந்தன. மக்கள் தாமே முடிவெடுத்து அந்தப் பழக்கத்தைக் கைவிடும் அணுகுமுறையைக் கமல் கர் என்பவர் 1999–2000இல் வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி பகுதியிலுள்ள மோஸ்மோயில் என்னும் சிற்றூரில் உருவாக்கினார். வெளியிலிருந்து வருபவர் அதில் கழிப்பறையைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஊரின் வரைபடத்தை மக்களையே தரையில் வரையச் சொல்லி, யார் எங்கே போகிறார்கள் என்று குறிக்கவைத்து, மழை பெய்தால் அங்கிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார். கோடு ஊருணியில் போய் முடியும்போது கூட்டம் தானே பேசத் தொடங்கும். அந்தப் பேச்சு ஊரின் கையை விட்டுப் போகும் இடங்களில்தான் பணி கெடுகிறது.

இந்த வட்டாரத்துக்கே உரிய முதல் தவறு, கொடையிலிருந்து தொடங்குவது. பர்மாவிலும் மலேயாவிலும் பொருளீட்டிய நகரத்தார் கோயிலும் ஊருணியும் பள்ளிக்கூடமும் கட்டித் தந்த மண் இது. ஆகவே ஊருக்கு எது தேவைப்பட்டாலும் வெளியூரிலிருக்கும் புள்ளிகளின், அதாவது நகரத்தார் குடும்பங்களின், நினைவு முதலில் வருவது இயல்பு. பள்ளிக்கூடத்தைக் கட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் வருவார்கள். வேண்டும் என்று கேட்காத வீட்டில் கட்டிக் கொடுத்த கழிப்பறையிலோ விறகும் ஆட்டுக்குட்டியும்தான் குடியேறும். தூய்மை பாரத இயக்கம் தரும் 12,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கும் இது பொருந்தும். மானியமே கூடாது என்பது கமல் கரின் நிலைப்பாடு. கூலிக்குப் போகும் குடும்பத்திடம் அவ்வளவு கறாராக இருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் பணம் கூட்டத்தின் முதல் பேச்சாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, வெட்கத்தைத் தண்டனையாக்குவது. ஊரே தன்னைப் பார்த்துக் கூசுவது வேறு. விடியற்காலையில் விசில் ஊதித் துரத்துவதும், படமெடுத்து ஒட்டுவதும், ரேஷனை நிறுத்துவோம் என்று மிரட்டுவதும் வேறு. கொல்லைப்புறம் உள்ளவர் எளிதாகத் தப்பிவிட, அவமானம் முழுவதும் இடமில்லாதவர் தலையில், பெரும்பாலும் ஒரே தெருவின் தலையில், விழுகிறது. கூட்டம் எங்கே, எப்போது நடக்கிறது என்பதும் இதில் சேரும்: எல்லாரும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய பொது இடத்தில், நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் திரும்பிய பிறகு நடக்காத கூட்டத்தை ஊர்க்கூட்டம் என்று சொல்வதற்கில்லை.

மிக அதிகமாகத் தவறு நடப்பது குழியில்தான். குழி சீக்கிரம் நிறைந்துவிடும், பிறகு யார் அள்ளுவது என்ற அச்சமே பலரைப் பின்வாங்கச் செய்கிறது. அந்த அச்சத்துக்குள் சாதி ஒளிந்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால் கொத்தனார் சொல்வதைக் கேட்டுக் கிணறு போல ஒரே பெருங்குழியைத் தோண்டி, அதற்கு ‘செப்டிக் டேங்க்’ என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். இரட்டைக் குழி முறையில் ஒன்று நிறைந்ததும் கழிவை மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால், உள்ளே இருப்பது வாடையற்ற எருவாகிவிடும். அதை வீட்டாரே மண்வெட்டியால் எடுக்கலாம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கும்போது, அதற்கு இடமே வைக்காத அமைப்பு இது. குழியின் அடியில் கான்கிரீட் போடக் கூடாது. சுவரில் நீர் கசிய இடைவெளி விட வேண்டும். இரண்டு குழிகளுக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் இருக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது; செம்புறாங்கல்லில் விரிசல் தெரியும் இடத்தில் இன்னும் தள்ளியே தோண்ட வேண்டும்.

கழிப்பறைக் கோப்பையிலும் ஏமாறுகிறார்கள். நகரத்துக் கடையில் அழகாகத் தெரியும் சரிவு குறைந்த கோப்பை ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணீர் கேட்கும். 25 முதல் 28 பாகை வரை சரிவும் 20 மில்லிமீட்டர் நீரடைப்பும் (வாடை மேலே வராமல் வளைகுழாயில் தேங்கி நிற்கும் நீர்) கொண்ட ஊரகக் கோப்பைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். சித்திரை வெயிலில் குடத்தோடு தெருக்குழாயில் நிற்கும் பெண்ணிடம் கேட்டால் இந்த வேறுபாட்டின் மதிப்பைச் சொல்வார்.

கைக்குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்ற நம்பிக்கையைத் தொடாமல் விடுவதும் தவறே. அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. அது குப்பைமேட்டுக்கல்ல, கழிப்பறைக்குள் போக வேண்டும். வெளியே போய் வந்தால் கால் கழுவிவிட்டே வீட்டுக்குள் நுழையும் பழக்கம் நம்மிடம் உண்டு; சோப்பும் தண்ணீரும் கழிப்பறை வாசலிலேயே இருந்தால் கையும் அந்தப் பழக்கத்தில் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, அறிவிப்புப் பலகை நட்டதும் கலைந்துவிடுவது. கிராம சபையில் தீர்மானம் நிறைவேறுவது பெரும்பாலும் மழைக்கு முன்பு, அக்டோபர் 2ஆம் தேதியில். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து நிலத்தடி நீர் மேலேறும்போது குழி உறிஞ்சாமல் நிற்கும். அப்போது வயதானவர்கள் முதலில் பழைய கரைக்குத் திரும்புவார்கள். மகளிர் குழுவினர் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டியது அந்த வாரங்களில்தான். அதன்பின் ஒருமுறை, தண்ணீர் வற்றும் சித்திரையில்.