கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள்

பழைய புகைப்படங்களைப் பாதுகாக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கையுறை போடு, ஓரத்தைப் பிடித்துத் தூக்கு என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. அதெல்லாம் தெரிந்த பிறகும் செய்கிற தவறுகள் சில உண்டு.

உரித்தெடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். நம் வீடுகளில் தாத்தா பாட்டி படங்களைக் கண்ணாடியைத் தொடும்படி வைத்துத்தான் சட்டம் போட்டிருப்பார்கள். அமாவாசை, வெள்ளிக்கிழமை என்று ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். வழிகிற தண்ணீர் சட்டத்தின் கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாகத் தெரிவது ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள். ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பிப் பிசுபிசுக்கும். காய்ந்ததும் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு வந்த ஒரு பையன், யாருடைய கல்யாணப் படத்தையோ மூலையில் பிளேடு விட்டு இழுத்தான். தாள் கையோடு வந்தது. மணப்பெண்ணின் முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அந்தக் குடும்பத்திடம் வேறு பிரதி இல்லை, நெகடிவும் இல்லை.

சிலர் வீடியோ பார்த்துவிட்டுத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே போகும். கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் கன்னச் சிவப்பும் புடவை நிறமும் கூடவே போய்விடலாம்.

பின்பலகை ஆணிகளை மட்டும் மெல்லக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, கண்ணாடி வழியாகவே நகலெடுங்கள். பிறகு கண்ணாடியோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். "எப்படியாவது பிரிச்சுக் குடுங்க சார்" என்று வீட்டுக்காரர் கெஞ்சினாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒட்டாத படத்துக்குச் சட்டம் போடும்போது, இடையில் நடுப்பகுதியை வெட்டியெடுத்த அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்தால் கண்ணாடி படத்தைத் தொடாது.

லேமினேஷன்

கூடவே கூடாது.

பின்பக்கம் பால்பாயிண்ட் பேனா

அழுத்தம் முன்பக்கம் தடிப்பாகத் தெரியும். மென்மையான பென்சில் போதும்.

வினிகர் வாடை அடிக்கும் நெகடிவ்

அந்த நெகடிவின் பிளாஸ்டிக் அடித்தளமான அசிடேட் சிதைகிறது. அந்த ஆவி பக்கத்து நெகடிவ்களையும் கெடுக்கும். அன்றைக்கே பிரித்து வைத்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

ஓர அட்டையை வெட்டி எறிவது

அழுக்காக இருக்கிறதென்று ஸ்டுடியோ முத்திரையோடு அட்டையை வெட்டிவிடுகிறார்கள். எந்த ஊரில், யார் எடுத்த படம் என்பதற்குப் பல சமயம் அந்த முத்திரை ஒன்றுதான் சாட்சி. அட்டை தானாகவே கழன்று வந்தாலும் படத்தோடு அதே உறையில் போட்டு வையுங்கள்.