பூட்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் கொண்டியைப் பாருங்கள்

எங்கள் சித்தி குடும்பத்தோடு நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வாசலில் பூட்டு கிடந்தது. அது உடைந்திருக்கவில்லை. பூட்டியது பூட்டியபடி, கொண்டியையும் கவ்விக்கொண்டு திண்ணையில் கிடந்தது. பக்கத்திலேயே முக்கால் அங்குல ஸ்க்ரூ நாலு, நுனியில் மரத்தூளோடு. சித்தப்பா சாவியைப் போட்டுத் திருப்பினார், அழகாகத் திறந்தது. 800 ரூபாய்ப் பூட்டு அது. கொண்டி 40 ரூபாய்.

பேப்பரில் ‘பூட்டை உடைத்து நகை கொள்ளை’ என்று போடுவார்கள். பல நேரம் உடைவது பூட்டு இல்லை, அது தொங்கிக்கொண்டிருக்கும் இடம்தான். சினிமாவில் வருவதுபோல ஊசியை விட்டுத் திறக்க யாரும் மெனக்கெடுவதில்லை. கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு நெம்புவார்கள். அதனால் இந்த விளக்கத்தில் கடைக்குக் கடைசியாகத்தான் போகப் போகிறோம்.

1. வீட்டை வெளியே நின்று பாருங்கள்

எல்லாக் கதவையும் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். சாவியைத் தொலைத்துவிட்டீர்கள், எப்படியாவது உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போவீர்கள்? வாசல் கதவு என்று பெரும்பாலும் சொல்லமாட்டீர்கள். கொல்லைப்புறக் கதவு அல்லது மொட்டை மாடிக் கதவுதான் உங்கள் மனதில் வரும். வாசலுக்குத் தேக்கு போட்டுவிட்டு மாடிக்குத் தகரக் கதவும் ஒற்றைத் தாழ்ப்பாளும் போடுவது நம் ஊர் வழக்கம். அந்தக் கதவுக்குத்தான் முதல் செலவு. உள்பக்கம் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கனமான தாழ்ப்பாள் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கீல்களையும் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் கீலின் ஊசி வெளியே தெரியும். அதைத் தட்டிக் கழற்றிவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை. ஊசியின் தலையில் ஒரு புள்ளி வெல்டிங் வைத்தால் தீர்ந்தது.

2. கொண்டியும் ஸ்க்ரூவும்

தொங்கு பூட்டுதான் போடப் போகிறீர்கள் என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். கொண்டியை மூடிப் பூட்டியபின் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை வெளியே தெரிகிறதா? தெரிந்தால் திருடனுக்குக் கடப்பாரைகூட வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் போதும். மூடும்போது ஸ்க்ரூவை மறைத்துக்கொள்ளும் கொண்டியாக வாங்குங்கள்.

அடுத்தது, ஸ்க்ரூவுக்குப் பதிலாக போல்ட். கதவின் முழு கனத்துக்கும் துளை போட்டு, வெளிப்பக்கம் உருண்டைத் தலை, உள்பக்கம் வாஷரும் நட்டும் வருமாறு முறுக்கிவிடச் சொல்லுங்கள். ஸ்க்ரூ மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். போல்ட் வர வேண்டுமென்றால் கதவே பிளக்க வேண்டும். ஆசாரிக்கு அரை மணி நேர வேலை. “எதுக்கு சார், ஸ்க்ரூவே போதும்” என்பார். போதாது. ஆல்டிராப் (பூட்டு மாட்டும் வசதியுள்ள நீளமான தாழ்ப்பாள்) மாட்டினாலும் இதே கதைதான்.

3. எந்த வகைப் பூட்டு?

தொங்கு பூட்டு மலிவு, மாட்டுவதும் சுலபம். ஒரே குறை, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லும். வாசலில் கிரில் கேட் இருந்தால் பூட்டு உள்பக்கமாகத் தொங்கும்படி வளையத்தை மாற்றிப் பற்றவைக்கலாம். தெருவிலிருந்து பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியாது.

கதவுக்குள் பதியும் மார்ட்டிஸ் லாக்கில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கதவு கனமாக இருக்க வேண்டும். 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த கதவைக் குடைந்து இதைப் பதித்தால், குடைந்த இடமே கதவின் பலவீனமாகிவிடும்.

மெல்லிய கதவுக்கு, உள்பக்கம் மேலோடு பொருத்தும் பூட்டு சரி. மூன்று தண்டு வெளியே வரும் வகைகள் கிடைக்கின்றன. தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காலையில் கோலம் போட வெளியே வந்ததும் காற்றில் கதவு சாத்திக்கொள்ளும். அடுப்பில் பால் இருக்கும். எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்திருக்கிறது. தவிர, சாத்தியதோடு விட்டுவிட்டால் அதன் சரிந்த நாக்கை ஒரு பிளாஸ்டிக் அட்டையால்கூடச் சில கதவுகளில் தள்ளிவிட முடியும். வெளியே போகும்போது சாவி போட்டு முழுதாகப் பூட்டுங்கள்.

4. கடையில் எதைப் பார்ப்பது

பூட்டின் மேல் ‘6 லீவர்’, ‘7 லீவர்’ என்று பொறித்திருப்பார்கள். லீவர் என்பது உள்ளே இருக்கும் தகடு. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு நகரும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நகராது. தகடு கூடக்கூட, வேறொரு பூட்டின் சாவி இதற்குப் பொருந்திவிடும் வாய்ப்பு குறையும். வாசலுக்கு 6-க்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் கணக்கு. தகட்டுக்குப் பதில் குட்டி ஊசிகள் (pin) வைத்த சிலிண்டர் பூட்டு வேறு முறையில் வேலை செய்யும். அதிலும் மட்டம் உண்டு, தரமானதும் உண்டு.

தொங்கு பூட்டில் நான் முதலில் பார்ப்பது வளையத்தை. பூட்டைத் திறந்து வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். குட்டைக் கால் பக்கம் ஒரு வெட்டு இருக்கும். நெட்டைக் காலிலும் அதே உயரத்தில் ஒரு வெட்டு இருந்தால் பூட்டு இரண்டு காலையும் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நெம்புவது எளிது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளையத்தில் ‘ஹார்டன்ட்’ (கடினப்படுத்திய இரும்பு) என்று பொறித்திருக்கிறதா, கனம் 10 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியபின் வளையத்துக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால் நல்லது. கடப்பாரை நுழைய இடம் இருக்காது.

கடைக்குப் போகும்போது கொண்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். வளையம் கொண்டித் துளையில் நுழையவில்லை என்று வீட்டுக்கு வந்தபிறகு மெல்லிசுப் பூட்டுக்கு இறங்குகிறவர்கள் நிறைய.

மார்ட்டிஸ் லாக் என்றால் இரண்டு அளவு: கதவின் கனம், கதவு ஓரத்திலிருந்து சாவித் துளை வரையான தூரம். சிலிண்டர் கதவின் வெளித் தகட்டோடு மட்டமாக நிற்க வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் இடுக்கியால் பிடித்து முறித்துவிடலாம். கதவு கனத்துக்கு ஏற்ற நீளத்தில் சிலிண்டர் தனியாகவே கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். பூட்டுத் தண்டு நிலைக்குள் 20 மில்லிமீட்டராவது போக வேண்டும். நிலையில் அடிக்கும் தகட்டுக்குப் பெட்டியோடு வரும் குட்டி ஸ்க்ரூவைத் தூரப் போட்டுவிட்டு இரண்டு அங்குல ஸ்க்ரூ போடுங்கள்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றிக் கேட்பீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. கையாலேயே செய்யும் மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் பூட்டு என்று அவர்களின் வேலைப்பாடு தனி ரகம். நல்ல பட்டறையில் செய்த பூட்டு எங்கள் ஊர்க் கோயிலில் வருஷக்கணக்காகத் தொங்குகிறது. பெயரைச் சொல்லி விற்கும் மட்டமான சரக்கும் சந்தையில் இருப்பதால், மேலே சொன்ன வளையச் சோதனையை அதற்கும் செய்துவிட்டே வாங்குங்கள்.

விரல் வைத்தால் திறக்கும் டிஜிட்டல் பூட்டு? வசதிதான். பேட்டரி தீர்ந்தால் திறக்கச் சாவித் துளையோ வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வழியோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. சாவி

பூந்தொட்டிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில், மீட்டர் பெட்டிக்குள். இந்த மூன்று இடமும் நமக்குத் தெரிந்ததுபோல எல்லாருக்கும் தெரியும். கூடுதல் சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

வாடகை வீட்டுக்குக் குடிபோனால் முதல் நாளே பூட்டை மாற்றுங்கள். பழைய குடித்தனக்காரர் எத்தனை சாவி போட்டார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. சிலிண்டர் பூட்டென்றால் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும்.

ராத்திரி உள்பக்கம் சாவி போட்டுப் பூட்டுகிறவர்கள் அந்தச் சாவியை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஆணியில், கம்பியை விட்டு வெளியிலிருந்து எடுக்க முடியாத தூரத்தில் மாட்டுங்கள். தீப்பிடித்தால் இருட்டில் தேட முடியாது.

6. ஊருக்குப் போகும்போது

பக்கத்துக் காவல் நிலையத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். ரோந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்திவிடுங்கள். வாசலில் சேர்ந்து கிடக்கும் நாலு நாள் பேப்பர் பூட்டைவிட உரக்கப் பேசும்.

அப்புறம் ஒன்று. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகி, இரண்டு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். பென்சில் முனையைச் சாவியின் பல்லிலும் பள்ளத்திலும் நன்றாகத் தேய்த்து, பத்து தடவை போட்டு எடுங்கள். எங்கள் வாசல் பூட்டுக்கு வருஷம் ஒருமுறை இந்த வைத்தியம்தான், மகளின் பென்சில் டப்பாவிலிருந்து.